பழைய ரெக்கவரி வண்டியா, புதிய பி.எஸ்.6 வண்டியா? மைலேஜ் கணக்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டுச் சாலைகளில் கார் தூக்கும் வண்டிகளில் கணிசமானவை இன்னும் பழைய டாடா 407, 709, ஐஷர் 10.59 சேஸிஸ் மீது பிளாட்பெட் (காரை ஏற்றச் சாய்ந்து இறங்கும் தட்டையான மேடை; சுருக்கமாக பெட்) கட்டியவை. டீசல் லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் போனதிலிருந்து அவற்றின் உரிமையாளர்கள் கேட்பது ஒன்றுதான்: இதை வைத்துக்கொள்வதா, இன்றைய புகை விதிக்கு ஏற்ற பி.எஸ்.6 வண்டிக்கு மாற்றுவதா? கீழே உள்ள பதில்கள் ஒன்று முதல் மூன்று வண்டி வரை வைத்திருப்பவர்களுக்கானவை. பெரிய கிரேன், ஹெவி ரெக்கவரி வேறு கணக்கு.

மைலேஜ் மட்டும் பார்த்து வண்டி மாற்றினால் கட்டுப்படியாகுமா?

கட்டுப்படியாகாது. கணக்குப் போட்டே பார்க்கலாம்.

வண்டி மாதம் 3,000 கி.மீ. ஓடுகிறது. பழையது லிட்டருக்கு 7.5 கொடுக்கிறது, புதியது 9.5 கொடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். பழையதற்கு 400 லிட்டர், புதியதற்கு 316 லிட்டர். மிச்சம் 84 லிட்டர். லிட்டர் 93 ரூபாய் என்றால் சுமார் 7,800 ரூபாய். புதிய வண்டி ஆட்புளூ (புகையைச் சுத்தமாக்க ஊற்றும் யூரியா கரைசல்) குடிக்கும் வகை என்றால் டீசலில் 4 சதவீதம் வைத்து 12–13 லிட்டர், லிட்டர் 60 ரூபாய் கணக்கில் 760 ரூபாய் கழியும். கையில் நிற்பது ஏறத்தாழ 7,000.

மறுபக்கம், 15 லட்சம் கடன், 10.5 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் இ.எம்.ஐ. 32,240 ரூபாய். டீசல் மிச்சத்தில் மட்டும் இந்தத் தவணையைக் கட்ட, வண்டி மாதம் 13,000 கி.மீ.க்கு மேல் ஓட வேண்டும். உள்ளூர் ரெக்கவரி வண்டி எதுவும் அப்படி ஓடாது. தினமும் சென்னை–கோவை லைன் அடிக்கும் கார் கேரியருக்கு இந்தக் கணக்கு மாறும். ஸ்டாண்டில் அழைப்புக்குக் காத்திருக்கும் வண்டிக்கு மாறாது.

அப்படியானால் யாருமே மாற்ற வேண்டாமா?

மாற்றலாம், காரணம் வேறாக இருந்தால். மேலே உள்ள கணக்கிலேயே பழைய வண்டியின் பழுதுச் செலவு மாதச் சராசரி 9,000, புதியதன் சர்வீஸ் 3,500 என்று சேர்த்தால் மிச்சம் 12,500 ஆகும். தவணைக்கு இன்னும் 19,700 துண்டு விழுகிறது. டீசல், பேட்டா போக ஒரு ட்ரிப்பில் 1,500 நிற்கும் என்றால், மாதம் 13, 14 கூடுதல் ட்ரிப் வந்தால்தான் ஈடாகும். காப்பீட்டு வித்தியாசம் இதில் சேரவில்லை.

ஆக, கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி: வண்டி ஒர்க்‌ஷாப்பில் நின்றதாலோ, எடை தாங்காததாலோ, வயது அதிகம் என்று கம்பெனி அழைக்காததாலோ மாதம் எத்தனை ட்ரிப்பை இழக்கிறீர்கள்? மூன்று மாதம் ஒரு நோட்டில் எழுதுங்கள். 14-க்கு மேல் வந்தால் மாற்றுவது சரி. நான்கைந்துதான் என்றால் பழையதைச் சரிசெய்து ஓட்டுங்கள். எண்களை உங்கள் எண்களாக மாற்றிப் போட மறக்க வேண்டாம். மேலே உள்ளவை மாதிரிக்காகத்தான்.

என் வண்டியின் உண்மையான மைலேஜை எப்படி அளப்பது?

டேங்க் நிரப்பி, மறுபடி நிரப்பி அளக்கும் முறைதான் நம்பகமானது. ஒரே பங்க், முடிந்தால் ஒரே பம்ப், வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். டீசல் ஊற்றும் துப்பாக்கி தானாக நிற்கும் இடத்தோடு நிறுத்துங்கள். வழிய வழிய ஊற்ற வேண்டாம். குறைந்தது மூன்று டேங்க் சராசரி எடுங்கள். தூரத்துக்கு ஓடோமீட்டரை நம்பாதீர்கள். டயர் அளவு மாறியிருந்தாலோ ஸ்பீடோ கேபிள் அறுந்து ஒட்டப்பட்டிருந்தாலோ அது பொய் சொல்லும். ஜி.பி.எஸ். கருவி காட்டும் தூரத்தை எடுங்கள்.

ரெக்கவரி வண்டிக்கு இன்னொரு அளவும் தேவை: இன்ஜின் ஓடிய மணி நேரம். மூன்று லிட்டர் டீசல் இன்ஜின் சும்மா ஐடிலில் ஓடினாலே மணிக்கு முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை குடிக்கும். பி.டி.ஓ. (இன்ஜின் சக்தியை ஹைட்ராலிக்குக்கு எடுத்துத் தரும் இணைப்பு) போட்டு பெட் இறக்கினால் அதற்கும் மேல். தினம் இரண்டு மணி நேரம் ஐடில், 26 நாள், மணிக்கு 0.9 லிட்டர் என்றால் மாதம் 47 லிட்டர், 4,300 ரூபாய்க்கு மேல். புதிய வண்டி தரும் மிச்சத்தில் பாதிக்கு மேல் இதிலேயே போகிறது. ஏ.சி.க்காகவும் போன் சார்ஜுக்காகவும் இன்ஜினை ஓடவிடும் பழக்கம் பி.எஸ்.6 வாங்கினாலும் கூடவே வரும். அங்கே அது இன்னும் பெரிய தலைவலி, கீழே பாருங்கள்.

பழைய வண்டியில் மைலேஜ் ஏன் குறைகிறது? எதை முதலில் பார்ப்பது?

செலவு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள். இன்ஜினுக்கு டீசல் செலுத்தும் பம்பைக் கழற்றுவது கடைசி வேலை. பலர் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

முதலில் பிரேக் பிடித்தம். பத்து கி.மீ. அதிகம் பிரேக் போடாமல் ஓட்டி நிறுத்தி, நான்கு டிரம் பக்கத்திலும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் தகித்தால் அந்தச் சக்கரம் பிடிக்கிறது. ஜாக்கி வைத்துத் தூக்கிக் கையால் சுற்றினால் உறுதியாகும். வீல் சிலிண்டர் இறுகியிருக்கும், அல்லது ரிட்டர்ன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். கை பிரேக் கேபிள் துருப்பிடித்து முழுதாக விடாமல் இருப்பதும் உண்டு.

அடுத்தது டயர். காலையில் வண்டி எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்று பாருங்கள். பின்பக்க இரட்டை டயரில் உள் டயரை யாரும் பார்ப்பதில்லை. அதில் காற்று குறைந்தால் வெளி டயர் முழுப் பாரத்தையும் தாங்கித் தேயும். நைலான் டயர் ஓடுகிறது என்றால் அடுத்த மாற்றலில் ரேடியலுக்குப் போங்கள், உருளும் தடை குறையும். ஆனால் ஒரே ஆக்சிலில் நைலானையும் ரேடியலையும் கலக்கக் கூடாது. ரிம் ரேடியலுக்கு ஏற்றதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, தெர்மோஸ்டாட். இன்ஜின் சூடாகிறது என்று வந்த வண்டியில் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிவது நம்மூர் ஒர்க்‌ஷாப்களின் நீண்ட காலக் கை வைத்தியம். அதன் பிறகு இன்ஜின் 80 டிகிரிக்கு வரவே நேரமெடுக்கும். ரெக்கவரி வண்டியின் குட்டி ட்ரிப்புகளில் வராமலே போகும். குளிர்ந்த இன்ஜின் டீசலை முழுதாக எரிக்காது, மிச்சம் லைனர் சுவரில் வழிந்து ஆயிலைக் கெடுக்கும். வெயில் ஊரில் தெர்மோஸ்டாட் தேவையில்லை என்பது தவறு. புதிய வால்வின் விலை ஒரு டேங்க் டீசலில் சிறு பகுதிதான். அதைப் போட்ட பின் வண்டி சூடானால், உண்மையான பழுது ரேடியேட்டர் அடைப்பிலோ வாட்டர் பம்பிலோ இருக்கிறது, அதைச் சரிசெய்யுங்கள்.

பிறகு ஏர் ஃபில்டர், டர்போவிலிருந்து போகும் ரப்பர் ஹோஸ் கசிவு, கிளட்ச் வழுக்கல், டீசல் ரிட்டர்ன் லைன் கசிவு. டேப்பட் (வால்வு) இடைவெளியை இன்ஜின் குளிர்ந்த நிலையில் ஃபீலர் கேஜ் வைத்து, உங்கள் இன்ஜினுக்கான கையேட்டு அளவுக்கு வையுங்கள். இவையெல்லாம் சரியாக இருந்தும் மைலேஜ் வரவில்லை என்றால்தான் நாசில் (சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் முனை), பம்ப்.

பம்ப், நாசில் வேலை எப்போது? என்ன கேட்டு வாங்க வேண்டும்?

லோடில் கரும்புகை தள்ளுவது, ஒரு சிலிண்டர் மட்டும் தட்டுவது, காலையில் ஸ்டார்ட் ஆனதும் வெள்ளைப் புகை ஆகியவை அறிகுறிகள். நாசில்களைக் கழற்றி டெஸ்டரில் போட்டு, திறக்கும் அழுத்தமும் தூவும் விதமும் உங்கள் கண்முன்னே பார்க்கச் சொல்லுங்கள். நுனியில் சொட்டினால் மாற்ற வேண்டியதுதான். பம்பை பெஞ்சில் ஏற்றி எல்லாப் பாதையிலும் சம அளவு டீசல் வருகிறதா என்று அளந்த ரீடிங் தாளைக் கேட்டு வாங்குங்கள். மைக்கோ பம்ப் என்று இன்றும் நாம் சொல்லும் பாஷ் பம்ப்களுக்கு அளவுகள் அச்சிட்டே இருக்கின்றன. 'கை அளவு' தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை. "இழுவை வேண்டும்" என்று டிரைவர் கேட்டால் பம்பில் டீசலைக் கூட்டி வைத்து அனுப்புவார்கள். தொப்பூர் கணவாயில் இழுக்கும், மாதக் கடைசியில் டீசல் பில்லிலும் தெரியும். புகைச் சோதனையும் தேறாது.

இப்போது வரும் பி.எஸ்.6 டீசல் பழைய பம்பைக் கெடுக்கிறதா?

இல்லை. கந்தகம் 10 பி.பி.எம். அளவுக்குக் குறைந்திருப்பது உண்மை, பி.எஸ்.4 டீசலில் 50 இருந்தது. கந்தகத்தை எடுக்கும் பக்குவத்தில் டீசலின் வழவழப்பும் குறையும் என்பதால், அதை ஈடுசெய்யும் சேர்மானம் கலந்துதான் பங்குக்கு வருகிறது. இரண்டு ஸ்ட்ரோக் ஆயில், மண்ணெண்ணெய் எதுவும் கலக்க வேண்டாம். பழைய ரப்பர் சீல்கள் இறுகிக் கசிவது நடக்கும்; பம்ப் திறக்கும்போது வைட்டான் ரக சீல் போடச் சொன்னால் தீர்ந்தது.

இன்ஜின் வேலை செய்வதா, விற்பதா என்று எப்படி முடிவெடுப்பது?

ஓடும் இன்ஜினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். லேசான ஆவி வரலாம். குபுகுபுவென்று அழுத்தத்தோடு தள்ளினால் ரிங், லைனர் தேய்ந்துவிட்டன. 1,000 கி.மீ.க்கு ஒரு லிட்டர் ஆயில் ஊற்ற வேண்டியிருந்தாலும் அப்படித்தான்.

அதற்காக உடனே விற்க வேண்டியதில்லை. சேஸிஸ்தான் தீர்மானிக்கும். பெட் பொருத்திய இடத்துக்கு முன்னால், கேபினுக்குப் பின்னால் உள்ள சேஸிஸ் பகுதியைச் சுத்தமாகக் கழுவிப் பாருங்கள். பெட் சாயும்போது பாரம் ஏறி இறங்குவது அங்கேதான். விரிசல், பழைய வெல்டிங் தழும்பு, வளைவு இருக்கிறதா? பின் கமான் பட்டை முறிந்த தடம்? பெட்டின் பின் முனை கீலில் ஆட்டம்? சேஸிஸ் நேராக இருந்தால் லைனர், பிஸ்டன், பியரிங், கிராங்க் அரைத்தல் என்று முழு இன்ஜின் வேலை செய்தாலும் அது புதிய வண்டியின் சில மாதத் தவணைக்குள் அடங்கும். சேஸிஸில் விரிசல் இருந்தால் இன்ஜினில் ஒரு ரூபாய் கூடப் போடாதீர்கள்.

எஃப்.சி. (தகுதிச் சான்று) விஷயத்தில் வயதான வண்டிக்கு என்ன சுமை?

வர்த்தக வண்டிக்கு முதல் எட்டு வருடம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி.; அதன் பிறகு ஆண்டுதோறும். 15 வருடம் தாண்டியவற்றுக்கான கட்டணத்தை மத்திய அரசு 2022 ஏப்ரல் முதல் பல மடங்கு உயர்த்தியது. பணத்தைவிட நேரம்தான் வலி: பெயின்ட், டிங்கரிங், பிரேக், விளக்கு, பிரதிபலிப்புப் பட்டை எல்லாம் சரிசெய்து காட்ட வருடத்தில் ஒரு வாரம் போகும். அந்த வாரத்தின் வருமான இழப்பையும் கணக்கில் எழுதுங்கள்.

பத்து வருட டீசல் வண்டிக்குத் தடை என்கிறார்களே?

அது தில்லி தலைநகர் வட்டாரத்துக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் இட்ட உத்தரவிலிருந்து வந்த பேச்சு. தமிழ்நாட்டில் எஃப்.சி. தேறும் வரை ஓட்டலாம்.

பி.எஸ்.6 வண்டி ரெக்கவரி வேலைக்கு ஒத்துவருமா? டி.பி.எஃப். அடைக்கிறது என்கிறார்களே?

ஒத்துவரும். ஆனால் ஓட்டும் பழக்கம் மாற வேண்டும். டி.பி.எஃப். என்பது புகைபோக்கியில் உள்ள கரி வடிகட்டி. நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓடும்போது புகை சூடாகி, பிடித்த கரி தானாக எரிந்துபோகும். ரெக்கவரி வண்டியோ ஐந்து கி.மீ. ஓடி, அரை மணி ஐடிலில் நின்று, பி.டி.ஓ. போட்டு வின்ச் இழுத்து, திரும்ப ஐந்து கி.மீ. வரும். புகை சூடாகவே வாய்ப்பில்லை. கரி சேர்ந்ததும் வண்டி தானாகக் கூடுதல் டீசல் செலுத்தி வடிகட்டியை 600 டிகிரி அளவுக்குச் சூடாக்கி எரிக்கப் பார்க்கும். அந்த நேரத்தில் டிரைவர் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டால் வேலை பாதியில் நிற்கும், எரியாத டீசல் ஆயிலில் இறங்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறிக்கொண்டே போனால் இதுதான் காரணம். ஆயில் கூடியிருக்கிறது என்று மகிழ்ந்து ஓட்டினால் பியரிங் போகும்.

செய்ய வேண்டியவை இவ்வளவுதான். வாரம் ஒருமுறையாவது 30, 40 நிமிடம் பைபாஸில் சீரான வேகத்தில் ஓட்டுங்கள். மீட்டரில் டி.பி.எஃப். விளக்கு எரிந்தால் அணைக்காமல் ஓட்டுங்கள். அதன் பிறகும் எரிந்தால் காய்ந்த புல், டீசல் கசிவு எதுவும் இல்லாத வெட்டவெளியில் நிறுத்தி, நிற்கும் நிலையிலேயே எரிக்கும் பொத்தானைப் பயன்படுத்துங்கள். ஆயில் சி.கே.-4 போன்ற சாம்பல் குறைந்த ரகம்தான். பழைய வண்டிக்கு வாங்கி வைத்த ஆயிலை இதில் ஊற்றினால் வடிகட்டியில் சேரும் சாம்பல் எந்தச் சூட்டிலும் எரியாது. வடிகட்டியை வெட்டி எடுத்து, கம்ப்யூட்டரை ஏமாற்றித் தருகிறோம் என்பவர்களிடம் போகாதீர்கள். அது சட்டவிரோதம், வாரன்டியும் போய்விடும்.

ஆட்புளூ பற்றி?

32.5 சதவீத யூரியா கரைசல். தண்ணீர் கலந்தாலோ, டீசல் ஊற்றிய புனலால் ஊற்றினாலோ கெடும்; ஆட்புளூ டேங்கில் தவறி டீசல் விழுந்தால் சாவியே போடாமல் டேங்கைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். வெயிலில் வைத்த வாளி சீக்கிரம் வீணாகும்: 25 டிகிரியில் 18 மாதம் தாங்குவது 35 டிகிரியில் ஆறு மாதம்தான். வண்டியின் தகரப் பெட்டியில் மே மாதம் முழுக்க வைத்துக்கொண்டு சுற்றாதீர்கள். தீர்ந்துபோனால் இன்ஜின் இழுவையைக் குறைத்துவிடும், காரைத் தூக்கிய நிலையில் நடுவழியில் நிற்க வேண்டி வரும்.

இப்போதைய கார்கள் கனம் கூடிவிட்டன. பழைய வண்டி தாங்குமா?

வண்டி மாற்ற மைலேஜைவிட வலுவான காரணம் இதுதான். பழைய ஆல்டோ முக்கால் டன். இன்னோவா கிரிஸ்டா 1.8 டன் சுமார், ஃபார்ச்சூனர் இரண்டு டன்னுக்கு மேல். உங்கள் ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையிலிருந்து காலி எடையைக் கழியுங்கள். காலி எடை, பெட் கட்டிய பின் எடை மேடையில் போட்ட எடையா என்று பாருங்கள். பல பழைய வண்டிகளில் பெட், ஹைட்ராலிக், வின்ச், கருவிப் பெட்டி, டிரைவர், கிளீனர் போக மிஞ்சுவது ஒன்றரை டன்தான் இருக்கும். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் பார்ப்பது அந்த எடையைத்தான்.

மின்சாரக் கார்கள் இன்னொரு மாற்றம். சக்கரம் தரையில் உருண்டால் மோட்டார் மின்சாரம் உற்பத்தி செய்து உள்ளே சேதம் வரலாம். நான்கு சக்கரமும் மேலே ஏற வேண்டும். முன்பக்கம் மட்டும் தூக்கும் கொக்கி வண்டி வைத்திருப்பவருக்கு இந்த வேலை கிடைக்கவே கிடைக்காது.

பெரிய வண்டியாகவே எடுத்துவிடலாமா?

டிரைவரின் உரிமத்தைப் பாருங்கள். மொத்த எடை 7,500 கிலோ வரையுள்ள வர்த்தக வண்டியை எல்.எம்.வி. (இலகு ரக வாகன) உரிமத்தோடு ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்தது. அதற்கு மேல் போனால் கனரக உரிமம் உள்ள டிரைவர் வேண்டும். சம்பளமும் கூடும், ஆளும் எளிதில் கிடைக்காது. காலியாக ஓடும் தூரம்தான் அதிகம் என்பதால் பெரிய வண்டி டீசலையும் கூடுதலாகவே குடிக்கும்.

பழைய பெட்டைக் கழற்றிப் புதிய சேஸிஸில் பொருத்தலாமா?

பெட் நேராக இருந்தால் லாபம்தான். வீல்பேஸ் அளவைப் பாருங்கள்: பின் ஆக்சிலுக்குப் பின்னால் நீட்டுவது வீல்பேஸில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. புதிய கியர்பாக்ஸில் பி.டி.ஓ. பொருத்தும் வாய் இருக்கிறதா, இன்ஜின் கம்ப்யூட்டரில் பி.டி.ஓ. வேகத்தைத் திறந்து தருவார்களா என்று டீலரிடம் எழுத்தில் வாங்குங்கள். பழைய வண்டி போலக் கை ஆக்சிலேட்டர் கேபிள் கட்டி வேலை பார்க்க முடியாது. பழையது 12 வோல்ட், புதியது 24 வோல்ட் என்றால் வின்ச் மோட்டார், சாலினாய்டு, விளக்கு எல்லாம் மாறும்.

சேஸிஸின் மேல், கீழ் விளிம்பில் துளை போடவோ வெல்டிங் வைக்கவோ விடாதீர்கள். சப்-ஃபிரேம் (துணைச் சட்டகம்) வைத்து, யு-போல்ட்டும் பக்கத் தகடும்தான். எங்கே வெல்டிங் அடித்தாலும் முன்கூட்டியே பேட்டரியையும் கம்ப்யூட்டர் இணைப்பையும் கழற்ற வேண்டும். ஹைட்ராலிக் ஆயிலைப் பழையதிலிருந்து ஊற்றாமல், ஃபில்டரோடு புதிதாக மாற்றுங்கள். முடிந்ததும் ஆர்.டி.ஓ.வில் பாடி மாற்றம் பதிவாக வேண்டும்.

நடுவழி ஏதாவது உண்டா?

உண்டு, பலருக்கும் அதுவே சரி. 2017 ஏப்ரலுக்கும் 2020 மார்ச்சுக்கும் இடையில் வந்த பி.எஸ்.4 காமன் ரெயில் (டீசல் தூவுவதைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும்) வண்டிகள். பழைய பம்ப் வண்டியைவிட மைலேஜ் நன்றாக இருக்கும். இந்த எடை வகுப்பில் பெரும்பாலும் டி.பி.எஃப். தொல்லை இல்லை. வாங்கும் முன் ஸ்கேனர் போட்டு அழித்த பிழைகளையும் பாருங்கள், இன்ஜெக்டர் ரிட்டர்ன் அளவுச் சோதனை செய்யச் சொல்லுங்கள். ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பும் டீசலைத் தனித்தனிக் குப்பியில் பிடிப்பார்கள்; நான்கு குப்பியில் ஒன்று மட்டும் சீக்கிரம் நிரம்பினால் அந்த இன்ஜெக்டர் போகப்போகிறது; விலையில் கழியுங்கள்.

வண்டியே மாற்றாமல் டீசல் குறைய வழி?

காலி ஓட்டத்தைக் குறையுங்கள். உளுந்தூர்பேட்டை போல இரண்டு பெரும் சாலைகள் பிரியும் இடத்தில் நிறுத்தினால், ஊருக்குள் நிற்பதைவிடச் சம்பவ இடத்துக்குப் போகும் தூரம் குறையும். இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஷோரூம், ஒர்க்‌ஷாப் வண்டி ஏதாவது ஏற்ற ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். லோடு இருக்கும்போது 60–65 வேகம் போதும்.

பழையதை விற்கும்போது கவனிக்க வேண்டியது?

பெட்டையும் சேஸிஸையும் தனித்தனியாக விலை கேட்டுப் பாருங்கள், சில நேரம் பெட்டுக்கே நல்ல விலை வரும். படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டதோடு விடாமல், ஆர்.சி. பெயர் மாறியதை இணையத்தில் பார்த்து உறுதி செய்யுங்கள், ஃபாஸ்டாகை மூடுங்கள். கிளெய்ம் இல்லாமல் ஓட்டியிருந்தால் நோ கிளெய்ம் போனஸ் சான்றை காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்டு வாங்கிவிடுங்கள். அது வண்டியோடு போவதில்லை. உங்கள் புதிய வண்டியின் பிரீமியத்தில் கழியும்.